தண்மையும் வெண்மையும்: வெயில் காப்பு மரபில் சந்தனம்

முன்னுரை

பெங்களூரு மெட்ரோ இரயில் பாதையில் யசுவந்தபுரத்தை அடுத்துள்ள நிலையம் 'சந்தன சோப்புத் தொழிற்சாலை' என்னும் பெயரைத் தாங்கி நிற்கிறது. மேனிக்குரிய பொருள் ஒன்று மாநகரின் இடப்பெயராகவே நிலைபெற்றுவிட்டது. வெயிலினின்று மேனியைக் காத்தல் என்பதற்கு இன்றைய விளம்பரங்கள் 'கருக்காமல் காத்தல்' என்றே பெரும்பாலும் பொருள் உரைக்கின்றன. தமிழ் இலக்கிய மரபில் அதற்கு இப்பொருள் இருந்ததா, சந்தனம் எதன்பொருட்டுப் பூசப்பட்டது, அச்சந்தனம் பெங்களூருவில் தொழிற்பொருளான சூழல் யாது என்பனவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

வெயிலும் நிழலும்

தொல்காப்பியம் பாலைத் திணைக்கு வேனிலையும் நண்பகலையும் பொழுதுகளாக வகுத்துள்ளது. வெயிலின் கொடுமை மிகும் பொழுதை ஓர் ஒழுக்கத்தின் பின்னணியாகவே அமைத்தது தமிழ் மரபு. கயமனார் பாடிய குறுந்தொகை 378ஆம் பாடலில், தலைவனுடன் சுரம் சென்ற மகளை நினைத்து, ஞாயிறு காயாதிருக்கவும் மரநிழல் பரவவும் மழை பொழியவும் செவிலி வேண்டுகிறாள். வழியின் வெம்மை தணிய வேண்டும் என்பதே அவள் கவலை. மகளின் நிறம் மாறிவிடும் என்பது அன்று. அம்மகளை மாமை நிறத்தவளாகவே அவள் சுட்டுவதும் நோக்கத்தக்கது.

புறநானூறு 35ஆம் பாடலில் வெள்ளைக்குடி நாகனார், அரசனின் குடை அவனுக்கு வெயில் மறைப்பதற்கு அன்று, வருந்தும் குடிகளுக்கு நிழல் தருவதற்கே என்று அறிவுறுத்துகிறார். குடை ஆட்சியுரிமையின் அடையாளமாக இருந்த காலத்தில், நிழல் யாருக்கு உரியது என்னும் வினாவை உழவர் சார்பில் எழுப்பிய பாடலாக இதனைக் கொள்ளலாம்.

மாமையும் பசலையும்

சங்க அகப்பாடல்களில் மாமை தலைவியின் அழகுக்குரிய நிறமாகவும், பசலை அவ்வழகைக் கவரும் நோயாகவும் பேசப்படுகின்றன. வெள்ளிவீதியாரின் குறுந்தொகை 27ஆம் பாடல், தலைவனுக்கும் பயன்படாமல் தலைவிக்கும் உதவாமல் மாமை அழகைப் பசலை உண்பதை இரங்கிக் கூறுகிறது. திருக்குறளின் 119ஆம் அதிகாரமான பசப்புறு பருவரல் இம்மரபின் தொடர்ச்சியாகும். மேனியின் இயல்பான நிறம் மங்கி வெளிறுதல் இங்கு இழப்பாகக் கருதப்பட்டதே அன்றிப் பேறாகக் கருதப்படவில்லை.

மாமையை முழுக் கருமை என்று கொள்ளுதல் பொருந்தாது. அதனை மாந்தளிர் நிறம் என உரைகாரர் விளக்குவர். நற்றிணை 6ஆம் பாடல் நார் உரித்த ஆம்பல் தண்டினை உவமை கூறுகிறது. பொன்னிறச் சுணங்கும் சங்கப் பாடல்களில் பாராட்டப்படுகிறது. ஆதலின் பண்டைத் தமிழர் கருநிறத்தை மட்டுமே போற்றினர் என்பது மிகையாகும். எனினும், மாமையை நீக்கி வெண்மை பெறும் வேட்கையை இப்பாடல்களில் காண்பதற்கில்லை என்பது உறுதி.

சந்தனம்: பருவத்திற்குரிய பூச்சு

சந்தனத்தின் பயன் யாது என்பதற்கு நெடுநல்வாடை தெளிவான சான்று தருகிறது. வாடைக் காலத்து நகர வாழ்வைக் கூறும் நக்கீரர், வடநாட்டினர் தந்த சந்தனக் கல்லும் தென்னாட்டுச் சந்தனமும் பயனின்றிக் கிடத்தலைக் குறிப்பிடுகிறார். விசிறிகளும் சுருக்கப்பட்டுச் சிலந்தி நூல் படியத் தொங்குகின்றன. சந்தனம் நிறத்திற்காகப் பூசப்பட்டிருப்பின் குளிர்காலத்தில் அதனைக் கைவிட வேண்டிய தேவை இல்லை. விசிறியுடன் ஒருசேர அது ஒதுக்கப்பட்டதால், வெம்மை தணிக்கும் பொருளாகவே அது கருதப்பட்டது என்பது புலனாகிறது. சிலப்பதிகாரத்தின் அந்திமாலைச் சிறப்புசெய் காதையில் இந்நிலை தலைகீழாகிறது. அங்கு அகில் விலக்கப்பட்டு, வடமலைக் கல்லில் தென்மலைச் சந்தனம் அரைக்கப்படுகிறது. அகில் குளிருக்கும் சந்தனம் வெம்மைக்கும் உரியனவாகப் பகுக்கப்பட்டிருந்தன எனலாம்.

பெங்களூருவில் சந்தனம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மைசூர்ச் சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவுக்கு, சிறப்பாக ஜெர்மனிக்கு, ஏற்றுமதியாகி அங்கேயே எண்ணெய் வடிக்கப்பட்டன. 1914ஆம் ஆண்டு மூண்ட முதல் உலகப்போர் இவ்வணிகத்தைத் தடுத்தமையால் கட்டைகள் தேங்கின. அந்நெருக்கடியே புதிய தொழிலுக்கு வித்திட்டது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சட்பரோ, வாட்சன் ஆகியோர் எண்ணெய் வடிக்கும் ஆய்வுகளை மேற்கொண்டனர். மன்னர் நால்வடி கிருஷ்ணராஜ உடையார், திவான் விசுவேசுவரையா ஆகியோரின் ஆதரவுடன் 1916ஆம் ஆண்டு முதல் சந்தன எண்ணெய் உற்பத்தி உள்நாட்டிலேயே நடைபெறலாயிற்று. அதனை அடுத்து அரசு சோப்புத் தொழிற்சாலை பெங்களூருவில் உருவானது. இங்கிலாந்தில் பயிற்சி பெற்ற வேதியியலாளர் எஸ்.ஜி. சாஸ்திரி இதில் முதன்மைப் பங்காற்றினார். சிங்க உடலும் யானைத் தலையும் கொண்ட சரபம் இதன் சின்னமாயிற்று. 1980ஆம் ஆண்டு இத்தொழில் கர்நாடக சோப்பு மற்றும் டிடர்ஜென்ட் நிறுவனத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. பின்னர் மைசூர்ச் சந்தன சோப்பு புவிசார் குறியீடும் பெற்றது.

இம்மாற்றத்தில் சந்தனத்தின் பயன்பாட்டு முறை வேறுபட்டது. கல்லில் அரைத்து உடலில் உலரவிடும் பூச்சு, நீரில் கழுவி நீக்கப்படும் நறுமணமாயிற்று. வேனிற்குரிய பொருள் எல்லாப் பருவத்திற்கும் உரியதாயிற்று.

வெண்மை விளம்பரம்

நிறத்தை மாற்றும் வாக்குறுதி வேறொரு தடத்தில் வந்தது. 1975ஆம் ஆண்டு இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்டு லவ்லி' களிம்பை அறிமுகப்படுத்தியது. பெயரிலேயே வெண்மையும் அழகும் இணைக்கப்பட்டன. நிறப் பாகுபாட்டுக்கு எதிரான குரல் வலுத்த 2020ஆம் ஆண்டில் அப்பெயர் 'குளோ அண்டு லவ்லி' என மாற்றப்பட்டது. எனினும், வெயிலில் கருத்தல் குறை என்னும் கருத்து மக்கள் வழக்கினின்று நீங்கவில்லை. வெயிலில் உழைப்போரின் மேனியே முதலில் கருக்கும். ஆதலின் இக்கருத்து நிறத்தை இழிப்பதோடு உழைப்பையும் இழிப்பதாகிறது.

மரபும் அறிவியலும்

தோலின் கருமை மெலனின் என்னும் நிறமியால் அமைவது. கதிர்வீச்சினின்று உடல் தன்னைக் காத்துக்கொள்ளும் முறைகளுள் அதுவும் ஒன்று. புறஊதாக் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் உள்ளபோது காப்பு வேண்டும் என்றும், நண்பகல் வெயிலைத் தவிர்க்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. 1000 மீட்டர் உயரத்திற்குப் புறஊதாக் கதிரின் அளவு ஏறத்தாழ 10 விழுக்காடு மிகும். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் அமைந்தது. காற்று குளிர்ந்திருப்பினும் கதிர் கடுமையாக இருக்கக்கூடும். ஆகவே தண்மை ஒன்றையே காப்பாகக் கொள்ளும் பழைய அளவுகோல் இங்குப் போதாது. சந்தனம் குளிர்ச்சி தரும். புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சுக்கு அது மாற்றாகாது. ஆனால் செவிலி வேண்டிய நிழல் இன்றைய மருத்துவமும் முதன்மையாக வலியுறுத்தும் காப்பாகும்.

முடிவுரை

சங்க இலக்கியத்தில் வெயில் காப்பு வெம்மையோடு தொடர்புடையது, நிறமாற்றத்தோடு தொடர்புடையதன்று. மாமை அழகாகவும் வெளிறுதல் நோயாகவும் கருதப்பட்டன. சந்தனம் பருவம் அறிந்து பயன்படுத்தப்பட்ட தண்மைப் பொருள். போர்க்கால நெருக்கடி அதனைப் பெங்களூருவின் தொழிற்பொருளாக்கியது. வெண்மையைக் காப்பின் பயனாகக் காட்டியது பிற்கால வணிகம். கட்டடப் பணியிலும் தெருவோர வணிகத்திலும் நாள் முழுதும் வெயிலில் நிற்போருக்குத் தேவையானது நிறம் மாற்றும் களிம்பு அன்று. நிழலும் நீரும் உச்சிப்பொழுதில் ஓய்வுமே. குடை யாருக்கு என்று புறநானூற்றுப் புலவர் எழுப்பிய வினா இன்றும் விடைக்குக் காத்திருக்கிறது.