இடிக்காமல் விரித்தல்: பாரிஸ் அடுக்ககம் ஒன்றின் இரு சீரமைப்புகள்

நகரத்துக் கட்டடம் ஒன்றை அசிங்கம் என்று சொல்பவர் பெரும்பாலும் தெருவில் நின்றுதான் சொல்கிறார். உள்ளே குடியிருப்பவரின் குறை வேறு: வெளிச்சம் போதாது, குளிர் தாங்கவில்லை, இட நெருக்கடி. இவ்விரண்டையும் ஒரே நோயாக எண்ணி மருந்திடுவதால்தான் சீரமைப்புகள் பல தோற்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம். பாரிஸ் 17ஆம் வட்டாரத்தில், வளையச்சாலைக்கு அருகே நிற்கும் புவா-ல-பிரேத்ர் அடுக்ககம் இதற்கு நல்ல சான்று. அது இருமுறை சீரமைக்கப்பட்டது. முதன்முறை தெருவிலிருந்து பார்த்து, மறுமுறை வீட்டுக்குள்ளிருந்து பார்த்து.

கட்டடக் கலைஞர் ரேமோன் லோபெஸ் வடிவமைத்த இக்கட்டடம் 1960களின் தொடக்கத்தில் எழுந்தது. உயரம் 50 மீட்டர், வீடுகள் 96. 1990 வாக்கில் முகப்பில் வெப்பக்காப்புத் தகடுகளைப் போர்த்தினார்கள். வெளித்தோற்றம் மாறியது, சன்னல்கள் சிறுத்தன. பாரிஸ் முழுவதும் காலடியில் விரியும் உயரத்தில் வாழ்ந்தவர்களுக்கு அந்த நகரமே கண்ணில் படாமல் போயிற்று. சில ஆண்டுகளில் இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது.

அது பிரான்சு முழுவதும் கேட்ட பேச்சு. 2003இன் நகரப் புதுப்பிப்புச் சட்டம் சுமார் 2 லட்சம் சமூக வாடகை வீடுகளை இடிக்கத் திட்டமிட்டது. அதை மறுத்துக் கட்டடக் கலைஞர்கள் ஆன் லகாதோன், ழான்-பிலிப் வஸால், ஃபிரெதெரிக் துருவோ மூவரும் 2004இல் ‘பிளஸ்’ என்ற ஆய்வை முன்வைத்தனர். இருப்பதை இடிக்காமல் அதனோடு சேர்த்துக் கட்டுவதே அவர்கள் வழி. புவா-ல-பிரேத்ர் பணி அவர்களிடமே வந்து, 2011இல் முடிந்தது.

செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். பட்டறையில் செய்த எஃகுக் கூடுகளை லாரியில் கொண்டுவந்து, கிரேனால் தூக்கி, பழைய முகப்புக்கு முன்னால் தளம் தளமாக அடுக்கினார்கள். அவை தம் பாரத்தைத் தாமே தாங்குபவை. பிறகுதான் பழைய முகப்புச் சுவரை அகற்றித் தரையிலிருந்து கூரை வரை நகரும் கண்ணாடிக் கதவுகளைப் பொருத்தினார்கள். கதவுக்கு வெளியே 2 மீட்டர் அகலத்தில் சூடேற்றப்படாத தாழ்வாரம். அதற்கும் வெளியே 1 மீட்டர் மாடம். தாழ்வாரத்தின் வெளிப்பக்கத்தில் ஒளி புகும் பாலிகார்பனேட் தகடுகள் நகர்கின்றன. பகல் வெயிலை உள்வாங்கவும் இரவில் திரையிட்டு வெப்பத்தைக் காக்கவும் இந்தக் காற்றறை உதவுகிறது. பரப்பு 8,900 சதுர மீட்டரிலிருந்து சுமார் 12,460 ஆக உயர்ந்தது. சூடேற்றச் செலவாகும் ஆற்றல் ஏறத்தாழப் பாதியாயிற்று. வேலை நடந்த காலமெல்லாம் குடியிருந்தவர்கள் அங்கேயே வாழ்ந்தார்கள். இதையே இத்திட்டத்தின் பெருஞ்சிறப்பாகக் கருதுகிறேன்.

இடிக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உலகின் கரியமில வாயு வெளியீட்டில் 7 முதல் 8 விழுக்காடு சிமென்ட் உற்பத்தியால் வருவது. நிற்கும் கட்டடத்தின் கான்கிரீட்டிலுள்ள சிமென்டுக்கான அந்தக் கரிச்செலவு எப்போதோ முடிந்துவிட்டது. இடித்தால் அதை இழந்து மீண்டும் முதலிலிருந்து செலவிடுகிறோம். புதிய கட்டடத்தின் மின்கட்டணச் சிக்கனத்தை மட்டும் காட்டி அதைப் ‘பசுமை’ என்பது பாதிக் கணக்கு.

எதிர்வாதங்கள் உண்டு. தாழ்வாரத்தின் பயன் அதில் வாழ்பவரின் பழக்கத்தைச் சார்ந்தது. குளிர்காலத்தில் அங்கே ஹீட்டர் வைத்தால் சேமிப்பு கரையும், கோடையில் திறக்க மறந்தால் புழுங்கும். லோபெஸின் முகப்பு மீளவில்லை என்ற வருத்தமும் நியாயமானதே. ஆயினும் அது 1990 வாக்கிலேயே மறைந்துபோனது. சுற்றிலும் காலியிடமும் உறுதியான தூண்களும் இல்லாத கட்டடத்துக்கு இம்முறை பொருந்தாது. இந்த வரம்பு மெய்யானது.

அந்த வரம்புக்குள் இவ்வழி மீண்டும் பலித்திருக்கிறது. போர்தோவின் கிராண்ட் பார்க் குடியிருப்பில் 530 வீடுகளை இவ்வாறே விரித்தார்கள். அப்பணிக்கு 2019இல் மீஸ் வான் டெர் ரோ விருது கிடைத்தது. லகாதோனும் வஸாலும் 2021இல் கட்டடக்கலைக்கான பிரிட்ஸ்கர் பரிசு பெற்றனர்.

ஆகவே, கட்டடக் கலைஞர்களுக்கும் நகர நிர்வாகங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இடிப்பு ஆணையில் கையெழுத்திடுமுன் அந்தக் கட்டடத்தின் ஒரு வீட்டுக்குள் சென்று, சன்னலருகே அமர்ந்து, அங்கிருப்பவரிடம் குறை கேளுங்கள். அந்தக் குறையை ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்.