மூடிக் கணக்கு

கொங்கு நாட்டில் பூச்சி மருந்தை அளக்கும் இடம் பெரும்பாலும் வீட்டு வாசல்தான். கிணற்றுப் பாசனத் தோட்டமும் குடியிருக்கும் சாளையும் ஒன்றாகவே இருப்பதால், மருந்துப் புட்டியும் தெளிப்பானும் வீட்டுச் சாமான்களோடு சாமானாகப் புழங்கிவந்தன.

பழைய முகத்தலளவை இந்த வேலைக்கு உதவக்கூடியதல்ல. 360 நெல் ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு, 8 ஆழாக்கு ஒரு படி என்பது வாய்பாடு. அதன் கடைசி அளவான செவிடே 30 மில்லிக்கு மேல். அதற்குக் கீழே சங்கும் பாலாடையும் கைப்பழக்கமும்தான்.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி கோவைப் பகுதிக்கு வந்தபோதும் இந்தக் குறை தெரியவில்லை. 1919ஆம் ஆண்டின் சென்னை மாகாணப் பூச்சி, நோய்ச் சட்டம் நம்பியது மருந்தை அல்ல. பழைய செடியைக் குறித்த நாளுக்குள் பிடுங்கி அழிப்பதைத்தான். அடுத்து வந்த டி.டி.டி. போன்றவற்றையும் பொடியாக நிறுத்துப் போட முடிந்தது.

எண்ட்ரின், பாரத்தியான் போன்ற செறிவான திரவங்கள் வந்த பிறகே சொட்டு முக்கியமாயிற்று. 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாகவே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் கோவையிலிருந்து எம்.சி.யு. 5 பருத்தி வெளியானது. நீண்ட இழை, நல்ல விலை; ஆனால் நெடுநாள் பயிர் என்பதால் காய்ப்புழுவுக்குத் திரும்பத் திரும்ப மருந்தடிக்க வேண்டியிருந்தது.

அந்தக் காலத்து அளவுகோல் புட்டியின் மூடி. மோனோகுரோட்டோபாஸ் லிட்டருக்கு 2 மில்லி என்றால் பத்து லிட்டர் டேங்குக்கு 20 மில்லி. அதுவே 'இத்தனை மூடி' ஆனது. மூடியோ புட்டிக்குப் புட்டி வேறு. திருகுமரை வரைக்கும் ஊற்றுவதும் விளிம்பு தட்ட ஊற்றுவதும் ஒன்றல்ல. ஊற்றும்போதெல்லாம் விரலும் நனையும். ஆனாலும் 20 மில்லியில் 2 மில்லி கூடினால் பிழை பத்தில் ஒரு பங்குதான்.

2002இல் காய்ப்புழுவைத் தாங்கும் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தபின் காய்ப்புழு மருந்து குறைந்து, சாறு உறிஞ்சும் பூச்சிகள் முன்னுக்கு வந்தன. அவற்றுக்கான இமிடாகுளோபிரிட் ஒரு டேங்குக்கு ஏறக்குறைய 2 மில்லிதான். அதே 2 மில்லிப் பிழை இங்கே மருந்தை இரட்டிப்பாக்கிவிடும். கூடினால் காசும் நஞ்சும் வீண். குறைந்தால் சாகாத பூச்சி மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. மருந்து வீரியமான வேகத்துக்கு அளவைக் கருவி ஈடுகொடுக்காததே இந்த வரலாற்றின் பெருங்குறை.

மூடியைவிட மேலான வழிகள் இரண்டு. ஒன்று, ஊசி நீக்கிய 5 மில்லி சிரிஞ்சு. காற்றுக்குமிழை வெளியேற்றி, கண்மட்டத்தில் நிமிர்த்திப் பிடித்துக் கோட்டைப் படித்தால் அரை மில்லியும் பிசகாது. மற்றது, தாய்க்கரைசல். பத்து டேங்குக்கு வேண்டிய 20 மில்லியைச் சேர்த்து ஒரு லிட்டர் கரைசலாக்கி, கலக்கிக் கலக்கி டேங்குக்கு 100 மில்லி ஊற்றுவது. அந்த 100 மில்லியை ஊற்றும்போது 2 மில்லி தவறினாலும் பிழை ஐம்பதில் ஒரு பங்கே. கரைத்ததை அன்றே அடித்துவிட வேண்டும். டேங்கில் பாதித் தண்ணீர் நிரம்பியபின் மருந்தை விட்டு, அளந்த குவளையை மூன்று முறை அலசி, அந்த நீரையும் அதிலேயே ஊற்றி நிரப்புவார்கள். குவளையும் சிரிஞ்சும் அடுப்படிக்குத் திரும்பக் கூடாது. மருந்தோடு பூட்டி வைக்கப்பட வேண்டும்.