மன்னிப்புக்குக் காரணம் எழுதிய ஆளுநர்

இந்தியாவில் ஆளுநர் என்பவர் குடியரசுத் தலைவரால் நியமிக்கப்படுபவர். அமெரிக்க மாநில ஆளுநரோ மக்களின் நேரடி வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நம் முதலமைச்சரைப் போல ஆட்சியை நடத்துபவர். மாநிலச் சட்டத்தின் கீழ்த் தண்டனை பெற்றவரை மன்னித்து விடுவிக்கும் அதிகாரமும் பத்தொன்பதாம் நூற்றாண்டு இல்லினாய் மாநிலத்தில் அவர் ஒருவர் கையிலேயே இருந்தது. அந்த அதிகாரத்தை 1893 ஜூன் 26 அன்று ஆளுநர் ஜான் பீட்டர் ஆல்ட்கெல்ட் பயன்படுத்திய விதம் அவருடைய அரசியல் வாழ்வைச் சிதைத்தது. அவர் பெயரை வரலாற்றில் நிறுத்தியதும் அதுவே.

1847இன் இறுதியில் ஜெர்மனியின் நாசௌ பகுதியில் பிறந்த ஆல்ட்கெல்ட், கைக்குழந்தையாக ஒஹையோவுக்குக் கொண்டுவரப்பட்டு, பண்ணை வேலையிலேயே வளர்ந்தார். பதினாறாம் வயதில் உள்நாட்டுப் போரில் வடவர் படையில் சேர்ந்தபோது வர்ஜீனியாவில் பற்றிய காய்ச்சல், ஆயுள் முழுவதும் அவர் உடலை விட்டு முற்றிலும் நீங்கவில்லை. மிசௌரியில் சட்டம் படித்து, ஒரு கவுண்டிக்கு, அதாவது நம் மாவட்டத்தை ஒத்த ஆட்சிப் பிரிவுக்கு, அரசு வழக்குரைஞராக இருந்த அவர், 1875இல் சிகாகோவுக்குக் குடிபெயர்ந்து, மனை வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டினார். வசதி வந்த பிறகும் சிறையில் அடைபடுவோர் யார் என்ற கேள்வி அவரை விடவில்லை. தண்டனை முறை ஏழைகளையே நசுக்கி, குற்றவாளிகளைத் திருத்துவதற்கு மாறாக உருவாக்குகிறது என்று வாதிட்டு 1884இல் அவர் வெளியிட்ட சிறு நூல், ஒஹையோவின் சிற்றூர் ஒன்றில் வழக்குரைஞராக இருந்த கிளாரன்ஸ் டாரோவின் கைக்குக் கிடைத்தது. பின்னாளில் அமெரிக்காவின் புகழ்பெற்ற வழக்குரைஞரான டாரோ, அதை எழுதியவரைச் சிகாகோவில் தேடிச் சென்று நண்பரானார். 1886இல் குக் கவுண்டி நீதிபதியான ஆல்ட்கெல்ட், 1892 தேர்தலில் ஜனநாயகக் கட்சி சார்பில் வென்று, இல்லினாயின் முதல் வெளிநாட்டில் பிறந்த ஆளுநரானார்.

அவர் மேசைக்கு வந்த விவகாரம் ஏழாண்டுகள் பழையது. எட்டு மணி நேர வேலை கோரி 1886 மே 1 அன்று தொடங்கிய வேலைநிறுத்தத்தின் நான்காம் நாள், சிகாகோவின் ஹேமார்க்கெட் சதுக்கத்தில் நடந்த கூட்டத்தைக் கலைக்கக் காவலர் அணிவகுத்து வந்தபோது ஒரு வெடிகுண்டு வீசப்பட்டு, காவலர் எழுவர் உயிரிழந்தனர். (1923இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிய மே தினத்தின் வேர் இந்தப் போராட்டத்தில்தான் உள்ளது.) வீசியவர் யார் என்பது கடைசிவரை நிறுவப்படவில்லை. ஆயினும், அரசு என்ற அமைப்பே கூடாது என்னும் அராஜகவாதக் கொள்கையினர் எண்மர் மீது வழக்கு நடந்து, எழுவருக்குத் தூக்கும் ஒருவருக்குப் பதினைந்து ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. 1887 நவம்பர் 11 அன்று நால்வர் தூக்கிலிடப்பட்டனர். ஒருவர் அதற்கு முந்தைய நாள் சிறையறையில் வெடிபொருளால் உயிரை மாய்த்துக்கொண்டார். ஃபீல்டன், ஷ்வாப் ஆகிய இருவரின் தண்டனை ஆயுள் சிறையாகக் குறைக்கப்பட்டது. அவர்களும் பதினைந்து ஆண்டுத் தண்டனை பெற்ற நீபேயும் ஜோலியட் சிறையில் இருந்தனர்.

மூவரையும் விடுவிக்கக் கோரியவர்களில் செல்வாக்கு மிக்க சிகாகோ நகரத்தாரும் இருந்தனர். பட்ட தண்டனை போதும், கருணை காட்டுக என்பதே அவர்களுள் பலரின் வேண்டுகோள். அதை ஏற்று இரண்டு வரியில் ஆணை பிறப்பித்திருந்தால் முணுமுணுப்போடு அடங்கியிருக்கும். ஆல்ட்கெல்ட் அந்த எளிய வழியை மறுத்தார். விசாரணை முறையாக நடந்து குற்றமும் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் ஆளுநர் தலையிட இடமே இல்லை. முறையாக நடக்கவில்லை என்றால் கருணை என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் நிலை. எனவே, நீதிபதியாக இருந்த பழக்கத்தோடு வழக்குப் பதிவேடுகளை வரிவரியாகப் படித்து, நீண்ட காரண விளக்கத்தை எழுதி வெளியிட்டார். ஜூரி, அதாவது உண்மையைத் தீர்மானிக்கப் பொதுமக்களிலிருந்து எடுக்கப்படும் பன்னிருவர் குழு, வழக்கமான குலுக்கல் முறையில் தெரிவாகாமல், நீதிமன்றம் அமர்த்திய தனி அமீனா ஒருவர் தம் விருப்பப்படி அழைத்து வந்தவர்களிலிருந்து தெரிவானதையும், எதிரிகள் குற்றவாளிகள் என்று ஏற்கெனவே முடிவு கட்டியதாக வாய்விட்டுச் சொன்னவர்களையும் வழக்கை விசாரித்த நீதிபதி கேரி தகுதியுள்ளோராக ஏற்றதையும் அவர் சான்றுகளோடு காட்டினார். குண்டு வீசியவர் எதிரிகளின் பேச்சைக் கேட்டோ எழுத்தைப் படித்தோ தூண்டப்பட்டார் என்பதற்கே சான்றில்லை என்றார். நீபேக்கு எதிரான சான்றுகளை அவர் ஆராயும் பகுதி நெஞ்சைத் தொடுவது. தொழிலாளர் பத்திரிகை ஒன்றில் இரண்டு டாலர் மதிப்புள்ள பங்கு வைத்திருந்தது போன்ற அற்பச் செய்திகளே அங்கு எஞ்சுகின்றன.

நாட்டின் பெரும் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. கைதிகள் வெளியே வந்ததைவிட, நீதிமன்றம் தவறு செய்தது என்று ஓர் ஆளுநர் எழுத்தில் பதிந்ததே அவற்றால் பொறுக்க முடியாததாயிற்று. அவர் அந்நிய நாட்டில் பிறந்தவர் என்பதும் வசவுக்குப் பயன்பட்டது.

அதே ஆண்டில், பதினான்கு வயதுக்குட்பட்ட சிறுவர்களைத் தொழிற்சாலை வேலையிலிருந்து விலக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டு, அதைச் செயல்படுத்தும் தலைமை ஆய்வாளராக ஃப்ளாரன்ஸ் கெல்லி என்ற பெண்மணியை அவர் அமர்த்தினார். அச்சட்டம் பெண்களுக்கு வகுத்த எட்டு மணி நேர வரம்பை மாநில உச்ச நீதிமன்றம் 1895இல் செல்லாததாக்கியது.

1894இல் ரயில் பெட்டி தயாரித்த புல்மன் நிறுவனம் கூலியைக் குறைத்துவிட்டு, தன் குடியிருப்புகளின் வாடகையை மட்டும் குறைக்க மறுத்ததால் எழுந்த வேலைநிறுத்தம் ரயில் மறியலாகப் பரவியபோது, அதிபர் கிளீவ்லாந்து ஆளுநரைக் கேளாமலேயே சிகாகோவுக்கு மத்தியப் படையை அனுப்பினார். அதிபரும் ஆல்ட்கெல்டும் ஒரே கட்சியினர். ஒரு மாநிலத்தின் உள்நாட்டுக் கலவரத்தை அடக்க அதன் சட்டமன்றமோ ஆளுநரோ கோரினால் மத்திய அரசு உதவ வேண்டும் என்கிறது அமெரிக்க அரசமைப்பு; தபால் போக்குவரத்தையும் நீதிமன்ற ஆணையையும் காக்கக் கோரிக்கை தேவையில்லை என்பது அதிபரின் வாதம். பல இடங்களில் ரயில்கள் நின்றிருப்பது வன்முறையால் அன்று, ஓட்ட ஆளில்லாததால்தான் என்றும், தேவைப்பட்டால் மாநிலப் படையே போதும் என்றும் ஆல்ட்கெல்ட் நீண்ட தந்தியில் விளக்கினார். சுருக்கமான மறுப்பே பதிலாக வந்தது. அவர் மீண்டும் எழுதினார். மன்னிப்பு ஆணையைப் போலவே இங்கும் அதிகாரம் தன் செயலுக்குக் காரணம் காட்டியாக வேண்டும் என்பதே அவர் விடாமல் பற்றிநின்ற கோரிக்கை. மத்தியப் படை வந்த பிறகே கலவரம் முற்றி, நூற்றுக்கணக்கான ரயில் பெட்டிகள் எரிந்தன.

1896 தேர்தலில் அவர் தோற்றார். 1897 ஜனவரியில் பதவி மாறும் விழாவில், விடைபெறும் ஆளுநர் உரையாற்றும் வழக்கமும் அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் எழுப்பிய பதினாறு மாடி 'யூனிட்டி' கட்டடம் உட்படச் சொத்துகள் கைவிட்டுப் போயின. டாரோவின் நிறுவனத்தில் மீண்டும் வழக்குரைஞராக உழைத்துவந்த அவர், 1902 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவில் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட போயர்களை ஆதரித்து ஒரு கூட்டத்தில் பேசி முடித்த சிறிது நேரத்தில் நினைவிழந்து, மறுநாள் ஐம்பத்து நான்காம் வயதில் காலமானார். அக்கூட்டம் நடந்தது ஜோலியட் நகரில். ஃபீல்டனும் ஷ்வாபும் நீபேயும் அவர் கையெழுத்தால் விடுதலை பெற்ற சிறைச்சாலை அந்த ஊரில்தான் இருந்தது.