டைஃபாய்டு மேரி

டைஃபாய்டு மேரி என்பது மேரி மாலன் (செப்டம்பர் 23, 1869 – நவம்பர் 11, 1938) என்பவருக்கு வழங்கிய பட்டப்பெயராகும். அயர்லாந்தில் பிறந்த இவர் ஐக்கிய அமெரிக்காவில் சமையற்காரராகப் பணியாற்றினார். நோய் அறிகுறி ஏதுமின்றிக் குடற்காய்ச்சல் கிருமியைச் சுமந்தவராக அந்நாட்டில் முதன்முதலில் இனங்காணப்பட்டவர் இவரே.

வரலாறு

1906 ஆம் ஆண்டு லாங் தீவின் ஆய்ஸ்டர் பே என்னும் ஊரில், இவர் சமைத்த வீட்டிலிருந்த 11 பேரில் அறுவர் நோயுற்றனர். சுகாதாரப் பொறியாளர் ஜார்ஜ் சோப்பர், இவர் முன்னர் பணிபுரிந்த வீடுகளிலும் இக்காய்ச்சல் பரவியிருந்ததைக் கண்டறிந்தார். 1907 இல் மேரி நார்த் பிரதர் தீவில் தனிமைப்படுத்தப்பட்டார். விடுதலை கோரி 1909 இல் தொடுத்த வழக்கில் தோல்வியுற்றார். இனிச் சமையல் தொழில் செய்வதில்லை என்ற உறுதிமொழியின் பேரில் 1910 இல் விடுவிக்கப்பட்டார். எனினும் 1915 இல் வேறு பெயரில் ஒரு மகப்பேறு மருத்துவமனையில் சமைத்து வந்தபோது 25 பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். மீண்டும் அதே தீவுக்கு அனுப்பப்பட்ட இவர் இறக்கும் வரை அங்கேயே இருந்தார்.

பெயரின் பொருள்

பிறருக்குத் தீங்கைப் பரப்புபவரைக் குறிக்கும் உருவகமாக இப்பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. 1988 இல் மார்வெல் வரைகதையில் இப்பெயருடைய பாத்திரம் அறிமுகமானது. 2011 இல் முதல் இசைத்தொகுப்பை வெளியிட்ட ஹெயில் மேரி மாலன் என்ற ராப் இசைக்குழுவும் இவர் பெயரைத் தாங்கியதே.

இவ்வுருவகம் மேரியைக் கொடியவராகக் காட்டுகிறது. ஆனால் கிருமி தம் உடலில் இருப்பதை அவர் கடைசி வரை ஏற்கவில்லை. நியூயார்க்கில் அறியப்பட்ட வேறு பல நோய்க்காவிகள் இவரைப் போல வாழ்நாள் முழுதும் அடைத்துவைக்கப்படவில்லை. பொதுநலனுக்காகத் தனிமனித உரிமையை எதுவரை கட்டுப்படுத்தலாம் என்ற வினாவுக்கு இவர் வாழ்க்கை இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.