சுழல்தண்டும் ஆளிப்பலகையும்: கம்பளைப் பகுதித் தேயிலைத் தொழிற்சாலைகளின் விசை வரலாறு

ஈழத்துப் பெருந்தோட்டத் துறையின் வரலாறு இதுகாறும் நிலத்தின் வரலாறாகவும், குடிபெயர்வின் வரலாறாகவும், சட்டத்தின் வரலாறாகவுமே பெரிதும் எழுதப்பட்டு வந்துள்ளது. கொழுந்து தேயிலையாக மாறும் கட்டிடத்தினுள் இயந்திரங்களை எது இயக்கியது, அவற்றை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருந்தது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. இவை வெறும் பொறியியல் வினாக்கள் அல்ல. இயந்திரத்தை நிறுத்தும் கைபிடி எங்கே இருக்கின்றது என்பது அதனருகே நிற்பவனின் கையையும் உயிரையும் பற்றிய செய்தியாகும்.

இவ்வினாக்களை ஆராய்வதற்குக் கம்பளை பொருத்தமான களம். 14ஆம் நூற்றாண்டில் அரசிருக்கையாக விளங்கிய இந்நகரின் அயலிலுள்ள சிங்ஹபிட்டியவில், 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்பார் கோப்பித் தோட்டம் அமைத்தார். 1841இல் வேர்ம்ஸ் சகோதரர்கள் புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்தனர். கோப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் எந்திரமே மலைநாடு கண்ட முதல் ஆலை எந்திரம் எனலாம். மனிதர் கையாலும், ஓடையருகே நீர்ச்சில்லாலும் அது சுழற்றப்பட்டது. அத்தகைய எந்திரங்களைச் செய்துகொடுக்கக் கண்டியில் தொடங்கப்பெற்றதே வாக்கர் நிறுவனம். இன்றும் தோட்டத் தமிழில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ‘ஸ்டோர்’ என்றே பெயர். கோப்பியைச் சேர்த்துவைத்த கட்டிடத்தின் பெயர், கோப்பி அழிந்த பின்னரும் நிலைத்துவிட்டது எனக் கொள்ளலாம்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலை கோப்பியைப் போன்றதன்று. பறித்த கொழுந்து காத்திராது; வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, சலித்தெடுக்கும் வேலை அத்தனையும் தோட்டத்திலேயே, மணிக்கணக்குப் பிசகாமல் நடைபெறவேண்டும். ஆகவே தோட்டந்தோறும் ஓர் ஆலை இன்றியமையாததாயிற்று. கெயின்ஸ்பரோ நகரின் மார்ஷல் நிறுவனம் செய்த ஜாக்சன் உருட்டு இயந்திரங்களும், பெல்பாஸ்ற் நகரின் டேவிட்சன் ஆக்கிய ‘சிறொக்கோ’ உலர்த்திகளும் மலையேறின. 1873இல் கம்பளைக்கும் மறு ஆண்டில் நாவலப்பிட்டிக்கும் வந்துசேர்ந்த புகையிரதப் பாதை இப்பாரமான சரக்குகளுக்கு வழிதிறந்தது.

இவ்வியந்திரங்கள் அனைத்தையும் ஒரே விசைமூலம் இயக்கியது. நீர்ச்சில்லு, பின்னர் நீர்ச்சுழலி, நீராவி எஞ்சின், எண்ணெய் எஞ்சின் என அம்மூலம் காலந்தோறும் மாறினாலும், விசையைப் பகிரும் முறை மாறவில்லை. கூரையின் கீழ் ஆலையின் நீளத்துக்கு ஓர் இரும்புச் சுழல்தண்டு ஓடும். அதிற் கோத்த கப்பிகளிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். ஓர் உருட்டு இயந்திரம் மட்டுமே வேண்டியபோதும் தண்டு முழுவதும் சுழலவேண்டும். உராய்விலே விசை வீணாகும். ஓர் இயந்திரத்திற் சுமை மிகுந்தால் ஏனையவும் தளரும். ஓடும் வாரைச் சுமையேற்ற கப்பியிலிருந்து வெறுங்கப்பிக்குத் தள்ளியே ஓர் இயந்திரத்தை நிறுத்த முடியும். வேட்டி முனையோ சேலைத் தலைப்போ சிக்கிக்கொண்டால், தண்டை நிறுத்துமாறு எஞ்சின் அறைக்குக் கூவிச் சொல்லவேண்டும். கூச்சல் போய்ச் சேர்ந்த பின்னரும் தண்டு உடனே நிற்காது. இயங்கும் பாகங்களுக்கு வேலி இடவேண்டும் என்பதை 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வலியுறுத்தியதன் பொருளை இவ்விடத்தில் உணரலாம்.

இதே காலப்பகுதியில் மேனாடுகளில் விசையின் முறை மாறிக்கொண்டிருந்தது. 1888இல் ரெஸ்லா பெற்ற காப்புரிமையும், அதனையடுத்து டொலிவோ-டொப்ரொவொல்ஸ்கி ஆக்கிய மூன்று கலைத் தூண்டல் மோட்டரும் எளிமையும் உறுதியும் வாய்ந்த ஒரு சுழற்பொறியை உலகுக்கு அளித்தன. ஆயினும் ஆலைகள் உடனே மாறிவிடவில்லை. அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயக்குவிசையில் மின்மோட்டரின் பங்கு 1900 அளவில் இருபதில் ஒன்றுக்கும் குறைவு. 1929இலோ முக்காற் பங்குக்கும் மேல். தொடக்கத்தில் பழைய எஞ்சினின் இடத்தில் ஒரு பெரிய மோட்டரை வைத்து அதே தண்டைச் சுழற்றினர். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டர் என்ற எண்ணம் வேரூன்றப் பல ஆண்டுகள் சென்றன. மோட்டர்கள் பெருகியபோது அவற்றின் ஆளிகளும் சுவரெங்கும் சிதறின. அவற்றை ஒரே உலோகப் பேழை வரிசையில், அறை அறையாக அடுக்கி நிறுத்தும் முறை 1950 அளவில் அமெரிக்க மோட்டர்வாகன ஆலைகளிற் பரவி, பின்னர் ஏனைய தொழில்களுக்கும் சென்றது.

மலைநாட்டில் இம்மாற்றத்துக்கு மின்சாரம் தடையாக நின்றது. டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் இலங்கை நீர்மின் வளம் பற்றிய தமது ஆய்வுரையைப் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்தார். 1920களில் தொடங்கிய லக்சபானா வேலை இடையில் நின்று, 1950இலேயே 25 மெகாவாற் ஆற்றலுடன் நிறைவெய்தியது. அதன் பின்னரே மின்கம்பிகள் படிப்படியாகத் தோட்டங்களை எட்டின. மகாவலியின் கரையில் இருந்துகொண்டே, களனி ஆற்றுப் படுகையின் நீர் ஆக்கிய மின்சாரத்தைக் கம்பளைப் பகுதி பெற்றது என்பது சுவையான செய்தி. மகாவலி நீர் உக்குவளையில் மின் தந்தது 1976இல். கம்பளையை அடுத்த கொத்மலை நிலக்கீழ் நிலையம் 201 மெகாவாற் ஆற்றலுடன் எழுந்தது 1980களில்.

மின்சாரம் வந்த ஸ்டோரில் ஆளிப்பலகை செய்தது என்ன? மோட்டர் ஒன்று புறப்படும்போது தன் வழமையான மின்னோட்டத்தின் ஐந்து முதல் எட்டு மடங்கை இழுக்கும். வாட்டல் விசிறிகளும் உருட்டு இயந்திரங்களும் ஒருங்கே புறப்பட்டால் தோட்டத்தின் மின்மாற்றி தாங்காது. எனவே பெரிய மோட்டர்களை முதலில் ‘ஸ்டார்’ இணைப்பிற் புறப்படவிட்டு, வேகம் பிடித்த பின் ‘டெல்ரா’வுக்கு மாற்றுவர், இதனால் தொடக்க மின்னோட்டம் மூன்றிலொன்றாகக் குறையும். மிகைச்சுமை ரிலே, மோட்டர் எரிந்துபோகாமற் காக்கும். மின் தடைப்பட்டவுடன் தொடுகருவி தானே விடுபடும். மின் மீண்டும் வந்தாலும் யாரேனும் பொத்தானை அழுத்தும்வரை மோட்டர் ஓடாது. அடைத்த இலையை அகற்ற இயந்திரத்தினுள் கைவிட்டிருந்த தொழிலாளிக்கு இச்சிறு ஏற்பாடு எத்துணைப் பெரிது!

பலகையைத் தனியறையில் வைத்ததற்கும் காரணம் உண்டு. சலிப்பறையிற் பறக்கும் தேயிலைப் பஞ்சுத் தூசி ஆளிகளினுட் புகுந்தால் தீப்பற்றும். எனினும் தூசியிலிருந்து ஆளியைக் காத்த சுவர், ஆளியிடமிருந்து தொழிலாளியையும் மறைத்தது. பலகைமுன் நிற்பவன் உருட்டு அறையிலுள்ளவனைக் காணான். ஒவ்வோர் இயந்திரத்தின் அருகிலும் நிறுத்தும் பொத்தான் ஒன்று இருந்தாலன்றி, மையப்படுத்திய கட்டுப்பாடு பழைய எஞ்சின் அறையின் குறையையே புதுப்பெயரிற் கொண்டுவரும். பலகையை வாங்கும்போது பொத்தானின் செலவைச் சிக்கனமாகக் கருதுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

இன்னொரு சுவரும் இருந்தது. ஸ்டோரின் மோட்டர்களுக்கு வந்த மின்சாரம், கூப்பிடு தூரத்திலிருந்த லயங்களுக்கு வரவில்லை. 1972, 1975 ஆண்டுகளின் நிலச்சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாகிய பின்னரும் லயக் காம்பிராக்கள் பெரும்பாலானவற்றில் குப்பிவிளக்கே எரிந்தது. 1980களிலும் அந்நிலை பரவலாகக் காணப்பட்டது. இரவு முழுவதும் வாட்டல் விசிறிகளை மின்சாரத்தால் ஓட்டியவன், விடியலில் மண்ணெண்ணெய் வெளிச்சத்துக்குத் திரும்பினான். குடியுரிமையை இழந்தவர்களுக்கு வாக்கில்லை. வாக்கில்லாதவரின் வாசலுக்கு மின்கம்பம் நட எவரும் அவசரப்படவில்லை என்பதைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

1992இல் தோட்டங்களின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. 2022இல் நாடளாவிய மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, ஆலைகள் டீசல் மின்பிறப்பாக்கியை நாடின, டீசலும் அரிதாயிற்று. வாடி முடிந்த கொழுந்து அப்போதும் காத்திருக்கவில்லை. தனக்கென நீர்ச்சுழலி வைத்திருந்த பழைய தோட்டத்துக்கு இக்கவலை இருந்திராது. வலையமைப்பு மின்சாரம் வந்தபின் கைவிடப்பட்ட அத்தகைய சுழலிகள் சிலவற்றை மீண்டும் இயக்கும் முயற்சிகளும் மலைநாட்டில் நடைபெற்றுள்ளன.

கண்டி ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலைக் கட்டிடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. பழைய உருட்டு இயந்திரங்களையும் எஞ்சின்களையும் அங்கே காணலாம். அவற்றின் அருகே நின்று வார் தள்ளியவர்களின் பெயர்களை அறிய, தோட்டங்களின் பழைய செக்ரோல் ஏடுகளையே தேடிச்செல்ல வேண்டும்.