முகவரியற்றோரும் ட்ரோன் அனுமதியும்

பாரிஸ் நகரின் லா சப்பல் பகுதி, இலங்கைத் தமிழரின் கடைத்தெருவாக அறியப்படுவது. நிலையான வீடின்றி, நண்பர் அறைகளில் மாறி மாறித் தங்கும் ஒருவர் அங்கு ட்ரோன் இயக்க அனுமதி பெற முடியுமா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் ட்ரோன் விதிகள் 2020 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளன. பிரான்ஸில் அடிப்படைத் தேர்வு இணையத்தில் கட்டணமின்றி நடத்தப்படுகிறது. 40 கேள்விகளில் 75 சதவீத மதிப்பெண் தேவை. சிக்கல் எழுவது பதிவில்தான். கேமரா பொருத்திய ட்ரோனை இயக்குவோர், சிவில் விமானப் போக்குவரத்துத் துறையிடம் தமது முகவரியைத் தெரிவிக்க வேண்டும்.

இதற்கு வழியுண்டு. 2007 மார்ச் 5ஆம் தேதிய சட்டத்தின்படி, நிலையான வீடற்றோர் நகராட்சியின் சமூகநல நிலையத்தையோ அங்கீகரிக்கப்பட்ட தொண்டு அமைப்பையோ தமது முகவரியாக்கிக் கொள்ளலாம். அதற்கான சான்றிதழ் ஓராண்டு செல்லுபடியாகும், புதுப்பிக்கவும் முடியும். அது கையிலிருக்கும்வரை, வீடில்லை என்ற காரணத்துக்காக ஓர் உரிமையை மறுக்கக் கூடாது என்கிறது சட்டம்.

ஆனால் தொடர்ந்து மூன்று மாதங்களுக்கு மேல் அந்நிலையத்துடன் தொடர்பு கொள்ளாதவரின் முகவரி ரத்தாகலாம். வதிவிட அனுமதியற்ற வெளிநாட்டவருக்கு, மருத்துவ உதவி, சட்ட உதவி போன்ற சில தேவைகளுக்கு மட்டுமே இவ்வசதி கிடைக்கிறது. ஆக, பலருக்கும் உண்மையான தடை வீடு அல்ல, வதிவிட அனுமதியே.

அனுமதி பெற்றவரும் லா சப்பல் தெருக்களின் மேல் ட்ரோனைப் பறக்கவிட இயலாது. நகரப் பொது இடங்களின் மேல் அதற்குத் தடை உள்ளது.