பாடகர் குழுவில் பெண்களுக்கு இடமில்லாத காலம்

டிசம்பரில் நம் வளாகத்துக்குக் கரோல் பாட வரும் குழுவைக் கவனித்திருப்பீர்கள். பாதிக்கு மேல் பெண்கள். கத்தோலிக்கக் கோவில்களில் ஞாயிறு திருப்பலிக்குப் பாடும் குழுக்களும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால், பெண்கள் அந்தக் குழுவில் சேரவே கூடாது என்று 1903-இல் ரோமிலிருந்து ஓர் ஆணை வந்தது தெரியுமா?

ஆணையிட்டவர் போப் பத்தாம் பயஸ். பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. அன்றைய இத்தாலியக் கோவில்களில் ஓப்பரா மேடைப் பாணி இசை புகுந்திருந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய கிரகோரியன் பாடல் திரும்ப வேண்டும் என்றார். வாத்தியம் இல்லாமல், எல்லோரும் ஒரே மெட்டில், லத்தீனில் பாடுவது அது. காலப்போக்கில் சிதைந்துபோன அந்த மெட்டுகளை, பிரான்சின் சொலேம் மடத்துத் துறவிகள் பழைய கையெழுத்துப் பிரதிகளைப் படமெடுத்து, ஒப்பிட்டு மீட்டுக்கொண்டிருந்தார்கள். 1889 முதல் படங்களை அச்சிலும் கொண்டுவந்தார்கள். ஒரே ஒரு பாட்டுக்கு 200-க்கும் மேற்பட்ட பிரதிகள்! அந்தப் பொறுமைக்கு ஒரு கும்பிடு போடலாம்.

மக்களும் சேர்ந்து பாட வேண்டும் என்பது போப்பின் நல்ல ஆசை. ஆனால் அதே ஆணை பியானோவையும் மேளதாளத்தையும் விலக்கியது. ஆடம்பரத் திருப்பலியில் தாய்மொழிப் பாட்டும் கூடாது. பாடகர் குழு வழிபாட்டுப் பணி செய்கிறது, ஆகவே பெண்கள் அதில் சேர முடியாது. உச்சக் குரலுக்குச் சிறுவர்கள் போதும் என்றது. இந்த விலக்கு புதிதும் அல்ல. போப்பின் சொந்த ஆலயமான சிஸ்டைனில் உச்சக் குரலுக்கு, குரல் உடையாதிருக்கச் சிறுவயதில் அறுவை செய்யப்பட்ட ஆண்களைப் பல தலைமுறை வைத்திருந்தார்கள். அவர்களில் கடைசியானவர் மொரெஸ்கி. 1902-லும் 1904-லும் இசைத்தட்டில் பதிவான அவர் குரல் இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. கேட்டால் மனம் கனக்கும்.

வேடிக்கை பாருங்கள், ஆணை வெளியான நவம்பர் 22, இசைக்குப் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதே கிரகோரியன் பாடலைச் சொல்லித்தரும் முறையை வகுத்தவரும் ஜஸ்டைன் வார்டு என்ற பெண்மணிதான்.

பிடி மெல்லத்தான் தளர்ந்தது. 1955-இல் பன்னிரண்டாம் பயஸ், சிறுவர்கள் போதாத இடங்களில் பெண்கள் பாடலாம், ஆனால் பீடப் பகுதிக்கு வெளியே, ஆண்களிடமிருந்து தனியாக நிற்க வேண்டும் என்றார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், கிரகோரியன் பாடலுக்கு முதலிடம் தந்தபடியே, தாய்மொழிக்கும் அந்தந்த மண்ணின் இசைக்கும் கதவைத் திறந்தது. ஆதரவு 2,147, எதிர்ப்பு 4. ஆணும் பெண்ணும் கலந்த பாடகர் குழுவை 1967-இல் வந்த விதிகள் ஏற்றன. தமிழ்ப் பாட்டும் தபேலாவும் திருப்பலிக்குள் வந்தது இந்தச் சங்கத்துக்குப் பிறகுதான்.

லத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் நம் பிளாக்குகளிலும் இருக்கலாம். ‘தாந்தும் எர்கோ’ ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். புத்தகம் இல்லாமலே பாடிக்காட்டுவார்கள்.